பிங்க்குக்கு வராத முகங்கள்

"கேமராவுக்குச் சாதி தெரியாது தம்பி. வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

ஒரு மூத்த ஒளிப்பதிவாளர் என்னிடம் சொன்னது இது. சுய்ப்ரேன் வீதியில் ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் அவருடைய அலெக்ஸாவுக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். தனியார் விடுதி ஒன்றின் விளம்பரப் படம். அதற்குக் கால் மணி நேரம் முன்புதான், பின்னணியில் நடந்து போவதற்காக நிறுத்தியிருந்த எங்கள் பகுதிப் பையன் ஒருவனை, "ரொம்ப டல்லா தெரியுறான், தள்ளி நிக்கச் சொல்லு" என்று ஃபிரேமுக்கு வெளியே அனுப்பியிருந்தார். அவனை அழைத்து வந்தவன் நான். போய்ச் சொன்னவனும் நான்தான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவன் நிற்கவில்லை.

புதுச்சேரியில் அசிஸ்டென்ட் கேமராமேனாக வேலை செய்பவனுக்கு எல்லா வேலையும் வரும். விளம்பரம், குறும்படம், கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சென்னையிலிருந்து இரண்டு நாள் பாட்டு எடுக்க வருகிற யூனிட். சென்னையிலிருந்து வாடகைக்கு வரும் அதே கேமராதான் எல்லாவற்றுக்கும் போகிறது. அதனால் ஒன்றைக் கவனிக்க முடிந்தது. வேலை மாறினாலும் ஒரு உத்தரவு மாறுவதில்லை: "முகத்தை பிங்க்குக்குக் கொண்டு வா."

அது என்ன பிங்க்? மானிட்டரில் ஃபால்ஸ் கலர் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் படத்தின் உண்மை நிறம் போய், வெளிச்ச அளவுக்கு ஏற்ற அடையாள நிறங்கள் வரும். 18 சதவீதச் சாம்பல் பச்சையாகத் தெரியும். அதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சமாக இருப்பது பிங்க். ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா கையேட்டில் அந்தப் பிங்க்குக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வெள்ளையர் தோல். (ஆரி என்பது அர்னால்ட், ரிக்டர் என்ற இரண்டு ஜெர்மானியர் பெயர்களின் சுருக்கம். ஆரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள் தோழர்களே.)

மூனிக்கில் உட்கார்ந்து கையேடு எழுதுகிறவர் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை அளவாக வைத்துக்கொண்டார். ஃபிலிம் காலத்திலும் இதுதான் கதை. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 1970களின் இறுதியில் மொசாம்பிக் போன கொதார், அந்த ஃபிலிமே இனவெறி பிடித்தது என்று அதைப் பயன்படுத்த மறுத்தார்.

ஆனால் டிஜிட்டலுக்கு வந்த பிறகு அந்தச் சாக்கும் செத்துவிட்டது. 2010இல் வந்த அலெக்ஸா 14 ஸ்டாப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு என்றால், அது பிடிக்கும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கும் மிக அதிக வெளிச்சத்துக்கும் இடையே 16 ஆயிரம் மடங்கு இடைவெளி. 2022இல் வந்த அலெக்ஸா 35க்கு 17 ஸ்டாப் என்கிறார்கள். உச்சி வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சுவரும், அதன் நிழலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்கார அம்மாவின் முகமும் ஒரே ஷாட்டில் சேதமில்லாமல் பதிவாகும். 'மூன்லைட்' (2016) படத்தை ஜேம்ஸ் லாக்ஸ்டன் அலெக்ஸாவில்தான் எடுத்தார். கறுப்புத் தோலை அவர் வெளுக்கவும் இல்லை, இருட்டில் தொலைக்கவும் இல்லை. அந்தத் தோலின் பளபளப்பையே வெளிச்சமாக்கினார். நம் செட்டில் அந்தப் பளபளப்பு தெரிந்தால் பவுடரோடு மேக்கப்மேன் ஓடி வருவார்.

ஆகவே கேமராவால் முடியும். எடுக்கிறவர்களுக்குத்தான் மனம் இல்லை. நம் பேச்சில் 'பொண்ணு நல்ல கலர்' என்றால் வெள்ளை என்று பொருள். கறுப்பு ஒரு கலரே இல்லை. முகத்தின் நிறத்தைப் பார்த்து இவன் எந்தத் தெரு என்று கணக்குப் போடுகிற சமூகத்தில், பிங்க் வெறும் தொழில்நுட்ப அளவாக இருக்க வழியே இல்லை. சேரிப் பெண் பாத்திரத்துக்கு வெளுத்த நடிகையைக் கொண்டுவந்து கரி பூசிய சினிமா இது. 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) இரண்டுக்கும் ஜி. முரளி ஒளிப்பதிவு. அவற்றைப் பார்த்தபோது என்னைப் போன்றவர்களுக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று இப்போது புரிகிறது.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் வாய்க்காலை வைத்து, கடற்கரைப் பக்கம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று வெளிப்படையாகவே பெயர் வைத்தார்கள். சம்பா கோவிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745இல் அவர்கள் எதிர்த்துக் கேட்டபின் பாதிரியார் அதை இடித்ததையும், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 'லைஃப் ஆஃப் பை' (2012) இங்கே எடுக்கப்பட்டது, அதுவும் அலெக்ஸாவில்தான். கிளாடியோ மிராண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கேமராக்கள் வந்து போய்விட்டன. நான் வேலை பார்த்த யூனிட்டுகளில் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 ஆலைத் தொழிலாளர்கள் செத்த ஊர் இது. அந்தக் கதைக்கு மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் தேவைப்படாது, அதனால் யாருக்கும் லொகேஷன் தேவைப்படவில்லை.

நம் தோழர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. "நமக்கெதுக்கு அலெக்ஸா, செல்போன் போதாதா?" என்கிறார்கள். 'கக்கூஸ்' (2017) பெரிய கேமராவுக்காகக் காத்திருக்கவில்லை, அது சரி. ஆனால் அவர்களுக்கு 14 ஸ்டாப், நமக்குச் செல்போன் என்று யார் பங்கு பிரித்தது? அந்தச் செல்போனின் பியூட்டி மோடும் கேட்காமலே முகத்தை வெளுக்கிறது. தவிர, இந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து மாடியேற்றுகிற லைட்மேன்கள், உதவியாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சுமக்கலாம், தொடக்கூடாது. இந்த வாக்கியத்தை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம்.

போன வைகாசியில் எங்கள் பகுதியில் ஒரு கல்யாணம். கடன் வாங்கி நல்ல கேமரா ஏற்பாடு செய்திருந்தார்கள். மணப்பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுப்பா, மாப்ள வீட்டுல பாப்பாங்க" என்றார். அவரிடம் என்ன கொள்கை பேசுவது? பெண் வயிற்றெரிச்சலோடு வளர்த்த தாய் அவர். நான் முகத்தைப் பச்சையிலேயே விட்டேன். பக்கவாட்டில் தெர்மாகோல் வைத்து வெளிச்சத்தைத் திருப்பினேன். பவுடர் வேண்டாம் என்றேன். மானிட்டரில் பார்த்த பெண் ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் பார்த்தாள். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. ஆல்பத்திலாவது வெளுக்க வைத்துத் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். வீடியோவில் கை வைக்கவில்லை.

அந்த விளம்பரப் பட நாளில் வாயைத் திறக்காதவன் நான். இப்போது முகத்தை பிங்க்குக்குக் கொண்டு வரச் சொன்னால், "யாருடைய முகத்துக்கு சார் அந்த அளவு?" என்று கேட்கிறேன். இரண்டு யூனிட்டில் மறுபடி கூப்பிடவில்லை. தள்ளி நிற்கச் சொன்ன அந்தப் பையனைத் தேடிப் போய்க் கேட்டேன். கேமரா வேலையா, வேண்டாம் அண்ணா என்றான். அடுத்த வாரம் திரும்பவும் போய்க் கேட்பேன்.