சித்தப்பாவின் வைஃபையும் சிவகாசி விதியும்

சிவகாசியில் என் சித்தப்பா சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். போன செமஸ்டர் லீவில் ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்க்க உதவிக்குப் போயிருந்தேன். (பி.காம் படித்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நாம் இலவச ஆடிட்டர்!)

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். அதன் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் வைஃபை பாஸ்வேர்டு. அது என்ன என்று பார்த்தால், கடையின் செல்போன் நம்பர். அதே நம்பர் வாசல் போர்டிலும் இருக்கிறது, பில் புக்கிலும் இருக்கிறது.

"ஏன் சித்தப்பா இப்படி எழுதிப் போட்டிருக்கீங்க?"

"வர்றவன் போறவன் எல்லாம் கேக்குறான்டா. கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? மாசம் பூரா ஒரே பில்லுதானே வருது. காத்துல வர்றதுதானே, குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என் போன் தானாகவே அச்சக வைஃபையில் சேர்ந்துகொண்டது. சும்மா கேமரா பெட்டியின் முகவரியை பிரௌசரில் அடித்துப் பார்த்தேன். யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டும் கம்பெனியில் இருந்து வந்தபோது என்னவோ அதேதான். ஒரே நிமிடத்தில் அச்சகத்தின் நான்கு மூலைகளும் என் போனில். சித்தப்பா கல்லாவில் பணம் எண்ணிக் கொண்டிருந்தார், எத்தனை கட்டு என்பது வரைக்கும் தெரிந்தது. பில் போடும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருந்தார்கள். அதில் பார்ட்டிகளின் பெயர், போன் நம்பர், யார் எவ்வளவு பாக்கி என்கிற விவரம் எல்லாம் இருந்தது.

போனைக் கொண்டுபோய் சித்தப்பாவிடம் காட்டினேன். முகம் மாறிவிட்டது.

"இதை வேற யாரும் பாக்க முடியுமாடா?"

"காலண்டரைப் பாத்த எல்லாரும் பாக்கலாம் சித்தப்பா."

சரி, இப்போது மேட்டருக்கு வருவோம். வைஃபை பாதுகாப்பு என்றாலே நாம் எல்லோரும் ரயில்வே ஸ்டேஷன், ஏர்போர்ட் வைஃபையை நினைத்துத்தான் பயப்படுகிறோம். "பொது வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறந்தால் காசு போயிடும்" என்று மாதம் ஒரு ஃபார்வர்டு மெசேஜ் வருகிறது. என் கருத்து என்னவென்றால், இந்தப் பயம் பாதி பழையது. நம் வீட்டிலும் கடையிலும் இருக்கும் ரூட்டரைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

ஏன் பாதி பழையது என்கிறேன்? 2010-ல் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன பிரௌசர் இணைப்பு வெளிவந்தது. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஃபேஸ்புக் கணக்கில் ஒரே கிளிக்கில் நுழையலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது அதுதான். அந்தக் காலத்தில் பெரும்பாலான தளங்கள் லாகின் ஆகும் நேரம் தவிர மற்றதையெல்லாம் திறந்த தபால் அட்டை மாதிரி அனுப்பின. அதற்குப் பிறகு தளங்கள் ஒவ்வொன்றாக எச்டிடிபிஎஸ் என்கிற ஒட்டிய கவருக்கு மாறிவிட்டன. 2018-ல் இருந்து கூகுள் குரோமே கவர் போடாத தளங்களை "பாதுகாப்பற்றது" என்று முகவரிப் பட்டையில் காட்டுகிறது. இன்று பேங்க் ஆப்பில் நீங்கள் அனுப்புவதை பக்கத்து சீட்காரர் அவ்வளவு சுலபமாகப் படிக்க முடியாது.

அதற்காகப் பொது வைஃபை சுத்தத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டேஷன் வைஃபை பெயரிலேயே எவனாவது ஒரு போலி வைஃபை வைத்து, "உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வாருங்கள்" என்று ஒரு பக்கத்தைக் காட்டலாம். ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளேயும் இப்படிச் செய்ததாக ஒருவர் மீது 2024-ல் போலீஸ் வழக்குப் போட்டது. ஆகவே வைஃபைக்குள் நுழைய மெயில் பாஸ்வேர்டு, ஃபேஸ்புக் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். பணம் அனுப்பும்போது சொந்த மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள், அதற்கு ஆகும் டேட்டா ரொம்பக் கொஞ்சம். அவ்வளவுதான். இதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது நம் ரூட்டருக்கு வருவோம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, பெயர்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. அந்த மெயில் எங்கிருந்து வந்தது என்று ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு வைஃபையைப் பூட்டாமல் வைத்திருந்தார், அதை எவனோ பயன்படுத்திவிட்டான். ஆனால் அது தெளிவாவதற்குள் வீட்டில் சோதனை, கம்ப்யூட்டர் பறிமுதல், நாள் கணக்கில் விசாரணை என்று அவர் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அதே வருடம் அடுத்தடுத்து வந்த மிரட்டல் மெயில்களில் ஒன்று மும்பையில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கில் இருந்தும், இன்னொன்று செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையில் இருந்தும் போயிருந்தது. 2009-ல் மும்பை போலீஸே தெருத் தெருவாகப் போய் பூட்டாத வைஃபையைத் தேடப் போவதாக அறிவிக்கும் நிலை வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? உங்கள் ரூட்டருக்குப் பின்னால் பத்து போன் இருந்தாலும் வெளி உலகத்துக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரிதான். அந்த முகவரிக்கு நெட் கம்பெனி வைத்திருக்கும் லெட்ஜரில் இருப்பது கனெக்‌ஷன் வாங்கியவரின் பெயர். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதிப் போடுவது கையெழுத்துப் போட்ட வெற்று செக்கைச் சுவரில் ஒட்டி வைப்பது மாதிரி. விருதுநகரில் எந்த எண்ணெய்க் கடை முதலாளியாவது, பருப்பு வியாபாரியாவது அதைச் செய்வாரா? யாருக்கு எழுதினாலும் பாங்கி உங்களைத்தானே கேட்கும்!

இரண்டாவது விஷயம், அறை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டமாட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளி. ஒரு அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி. விபத்தே நடக்காது என்று நம்பி எழுதிய விதி இல்லை அது. ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்காக எழுதியது. அந்த விதியை மீறி ஒரே இடத்தில் ஆளையும் மருந்தையும் குவித்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பாவின் அச்சகத்தில் நடந்ததும் அதேதான். பில் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர், வேலையாட்களின் போன், டீக்கடைக்கு வருபவரின் போன்.. எல்லாம் ஒரே அறையில்! வைஃபைக்குள் வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் ஒன்றை ஒன்று பார்க்கலாம். யாரும் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் போனில் வைரஸ் இருந்தால் போதும், மற்றதையும் அது தட்டிப் பார்க்கும். 2016-ல் மிராய் என்றொரு வைரஸ் இப்படித்தான் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, கதவு திறந்தது! அந்தச் சாமான்களை வைத்து அந்த வருடம் அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களையே பல மணி நேரம் முடக்கினார்கள்.

"அப்போ யாருக்கும் வைஃபை குடுக்காதேங்கிறியா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அச்சகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் வெளி மாநிலத்துக்காரர்கள். சாயங்காலம் ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவது அந்த வைஃபையில்தான். ரீசார்ஜ் தீர்ந்துபோன மாதக் கடைசியில் அவர்களிடம் போய் "பாதுகாப்பு" என்று லெக்சர் அடிக்க எனக்கு வாய் வராது. கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாத குணம் நம் ஊரின் நல்ல குணம். அதை விட வேண்டாம். தனி அறையில் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது வரும் பெரும்பாலான ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தவருக்கு இன்டர்நெட் கிடைக்கும், உங்கள் கம்ப்யூட்டரோ கேமராவோ தெரியாது. (சில ரூட்டரில் உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.) பெயர் அப்போதும் உங்களுடையதுதான் என்பதால் அந்த பாஸ்வேர்டும் தெரிந்த ஆட்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்:

1. ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போகும் பாஸ்வேர்டை மாற்றினோம். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. முதலாவது வாசல் சாவி, இது பீரோ சாவி. முக்கால்வாசிப் பேர் இதைத் தொட்டதே இல்லை.

2. பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா என்று பார்த்தோம். பழைய டபிள்யூஇபி பூட்டு 2001-லேயே உடைந்துபோன ஒன்று. பட்டனை அழுத்திச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்தோம்.

3. போன் நம்பர் இல்லாத, நீளமான புது பாஸ்வேர்டு. நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்தால் மறக்காது.

4. கேமரா பெட்டிக்குப் புது பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரின் பொது ஃபோல்டர் மூடப்பட்டது.

5. ரூட்டர், போன், கேமரா எல்லாவற்றுக்கும் அப்டேட். டபிள்யூபிஏ2-விலேயே 2017-ல் கிராக் என்றொரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

6. வேலையாட்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வைஃபை, ஒட்டிய கவர் எல்லாம் இருந்தாலும் கவரைத் திருடனுக்கே அனுப்பினால் யாரும் காப்பாற்ற முடியாது. பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், தீபாவளி சமயத்தில் நம் சிவகாசி பெயரைப் போட்டு "பாதி விலை" என்று போலித் தளங்கள் வருகின்றன. 2024-ல் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்தத் தளங்களிலும் பூட்டுப் படம் இருக்கலாம். நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம், எதிரில் இருப்பவன் யோக்கியன் என்பது இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைப் பிடித்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக சித்தப்பா கதை. காலண்டர் அட்டையில் இருந்த நம்பர் மேல் சாமி படம் ஒட்டியாகிவிட்டது. மாதம் பிறந்தால் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றி அந்த இரண்டு பையன்களிடமும் அவரே போய்ச் சொல்கிறார். டீக்கடைக்காரர் மட்டும் இன்னும் என்னைக் கண்டால் முறைக்கிறார் :)

உங்கள் வீட்டு ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். அது இன்றைக்கும் வேலை செய்கிறதா? அப்படியென்றால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் மக்களே.