தூக்கம் இயல்பு

மருத்துவ மாணவர்கள் எழுதிப் பழகும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி உண்டு: பசி இயல்பு, தூக்கம் இயல்பு. எந்தக் கல்லூரியில் படித்த டாக்டரானாலும் இதை எழுதியிருப்பார். கேட்டு எழுதியவர்கள் குறைவு. கேட்டாலும் நோயாளி என்ன சொல்வார்? "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன் சார்" என்பார். தூங்குகிறவருக்குத் தன் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? "குறட்டை திடீர்னு நின்னுடும், மூச்சே இருக்காது, அப்புறம் திக்கித் திணறி இழுப்பாரு" என்று சொல்லக்கூடியவர் அவருடைய மனைவி. "ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்று அந்த அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் அண்ணாமலை நகர் படிப்பால் வளர்ந்த ஊர். 1929-இல் பல்கலைக்கழகம், 1985-இல் மருத்துவக் கல்லூரி. இன்று அந்தக் கல்லூரி அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. டீக்கடையில் நின்றாலே கொலஸ்ட்ராலைப் பற்றிப் பாடம் கேட்கலாம். நடராசரையும் இதயத்தையும் இணைத்துப் பேசப் பக்கத்துச் சிதம்பரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. குறட்டையையும் இதயத்தையும் இணைத்துப் பேசத்தான் யாருமில்லை. வீட்டில் கும்பகர்ணன் என்று கிண்டல் செய்தோம், பாயை வேறு அறைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். பி.பி., சுகர் பார்க்க வீடு தேடி வருகிற சுகாதாரப் பணியாளரிடம்கூட இதைச் சொல்லவேண்டும் என்று நமக்குத் தோன்றியதில்லை.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது. பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அதை ஒன்று என்று எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்து முறை வந்தாலே நோய். முப்பதைத் தொட்டால் கடுமையான நோய். ஸ்லீப் ஆப்னியா என்று சொல்வது இதைத்தான். வழி அடைபட்டிருக்கும்போதும் நெஞ்சுக்கூடு விரிந்து இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று வராத அந்த இழுப்பில் இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்கள் வெளிப்பக்கமாக இழுபடுகின்றன. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி அரைகுறையாக எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஒரே ராத்திரியில் நூறு தடவைக்கு மேலும் இது நடக்கலாம். வருஷக்கணக்கில் இப்படியே போனால் மேலறை வீங்கி, தசைக்கு நடுவே தழும்பு படிந்து, மின்னோட்டம் நேராகப் போக வழியில்லாமல் சிதறும். மேலறை சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்கே தேங்குகிற ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்கிறது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு.

இதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு தடயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இழுபட்ட மேலறை, உடம்பில் நீர் மிகுந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆள் ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போவார். வீட்டார் சுகர் என்றார்கள், டாக்டர்கள் புராஸ்டேட் என்றோம். இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றும் இல்லையென்றால் "வயசாச்சில்ல" என்று முடித்தோம்.

நாடி விஷயமும் அப்படித்தான். விரலில் கிளிப்பை மாட்டி 84 என்று எழுதிக்கொள்கிறோம். தாளம் தப்புகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. 65 வயதுக்கு மேற்பட்டவர் எதற்காக வந்தாலும் நாடியை விரலால் தொட்டுப் பார்க்கலாம் அல்லது ஒரு ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்று ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டி சொல்லிவருகிறது. தாளம் தப்பியதைக் கண்டுபிடித்த பிறகாவது? வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களை நிறையப் பார்த்துப் பழகிய நாங்கள் வால்வைப் பார்ப்போம், தைராய்டைப் பார்ப்போம். இரண்டும் சரியென்றால் மாத்திரை. தையல்காரர் டேப்பால் கழுத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. ஆணுக்கு 40 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படலாம்.

தகவல் இல்லாமல் போகவில்லை. மூக்கின் வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்துவைக்கும் சி-பேப் கருவியை சிட்னியில் காலின் சல்லிவன் அறிவித்தது 1981-இல். ஷாக் கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்தவர்களை மேயோ கிளினிக் ஓராண்டு பின்தொடர்ந்தது: ஆப்னியாவுக்குச் சரியான சிகிச்சை பெறாதவர்களில் 82 சதவீதத்தினருக்குத் தாளம் மறுபடி தப்பியது, பெற்றவர்களில் 42. சிறிய ஆய்வுதான், ஆனால் 2003-லேயே வந்துவிட்டது. பிறகு எதிர்மாறான முடிவுகளும் வந்தன. 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் சி-பேப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. 2021-இல் நார்வே ஆய்வு ஒன்றில் ஐந்து மாதம் போட்டும் தாளக்கேடு குறையவில்லை. இதைச் சாக்காகச் சொன்னவர்களும் எங்களில் உண்டு. ஆனால் அந்த 2016 ஆய்வில் நோயாளிகள் கருவியை மாட்டியிருந்தது ராத்திரிக்குச் சராசரி 3.3 மணி நேரம். இந்தச் சர்ச்சையெல்லாம் சிகிச்சையைப் பற்றியது. குறட்டை உண்டா என்று கேட்காமல் விட்டதற்கு எந்த ஆய்வைக் காட்டுவது?

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது ஸ்லீப் ஆப்னியா என்ற பெயர் செய்திகளில் வந்தது. பாட்டுகளைப் பகிர்ந்தோம், பெயரை மறந்தோம். அடுத்த ஆண்டு எய்ம்ஸ் மருத்துவர்கள், இந்தியாவில் உழைக்கும் வயதினரில் மட்டும் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

இந்த நோய் உள்ளவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இது கூடுகிறது. பெண் குறட்டை விடுவதை எந்த வீடும் வெளியே சொல்வதில்லை. கணவர் போய், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, இங்கே மாரியப்பா நகரில் தனியாகப் படுத்துறங்கும் அம்மாவுக்குச் சாட்சி சொல்லவும் ஆளில்லை. அவர் மூச்சு நிற்கிறது என்று வரமாட்டார். காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி, ராத்திரி சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் வருவார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தோம். சில சமயம் தூக்க மாத்திரையும் சேர்த்தோம். தூக்க மாத்திரைகளில் சில, தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தக்கூடியவை.