இத்தாலியில் ஏழை வீட்டுப் பெண்களின் சமையல்

இன்று இத்தாலியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வாழ்கிறார்கள். அவர்களுள் பலர் அந்நாட்டு வீடுகளில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு முதலிய வேலைகளைச் செய்து பிழைப்பவர்கள். அவர்களைப் பார்க்கப் போய் வரும் உறவினர்களிடம் "அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பீட்சா. பீட்சாவைக் குறைசொல்ல நான் வரவில்லை. நேப்பிள்ஸ் நகரில் அதைச் செய்யும் கலையை 2017 இல் யுனெஸ்கோ நிறுவனமே மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அவ்வளவு தூரம் செலவழித்துப் போகிறவர்கள் தேடிச் சுவைக்க வேண்டியவை வேறும் உண்டு. கையில் காசில்லாத பெண்கள், வீட்டில் இருந்ததைக் கொண்டு பிள்ளைகளின் பசியாற்றிய உணவுகள் அவை. இத்தாலியர் அதனைக் 'குச்சீனா போவெரா', ஏழைகளின் சமையல், என்பார்கள். போர்த்துக்கேயர் வழியாக எமக்கு வந்த 'குசினி' என்ற சொல்லுக்கு இந்தக் 'குச்சீனா' ஒன்றுவிட்ட சகோதரி.

தஸ்கனி மாநிலத்தின் 'ரிபொல்லித்தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'மறுபடி கொதித்தது' என்பதே பெயரின் பொருள். அந்தப் பக்கத்துப் பாணில் உப்புப் போடுவதில்லை. வெறுமனே தின்றால் எம் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட பாண் காய்ந்து கல்லானதும் வெள்ளை அவரை விதை, கறுப்புக் கோவா இலை, கரட், வெங்காயம் போட்டுக் காய்ச்சிய சூப்பில் அதை ஊறவைப்பார்கள். மறுநாள் அதையே திரும்ப அடுப்பிலேற்றுவார்கள். முதல் நாள் சூப்பாக இருந்தது இரண்டாம் நாள் கரண்டியால் வெட்டி எடுக்குமளவுக்கு இறுகிவிடும். மேலே கொஞ்சம் ஒலிவ் எண்ணெய். அவ்வளவுதான். பாணை வீசுவது பாவம் என்று நினைத்த வீடுகளின் கண்டுபிடிப்பு இது. புளோரன்ஸ் நகரத்துச் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் குளிர்காலத்தில் கேட்டுப் பாருங்கள்.

வடக்கே போனால் 'பொலெந்தா' கிடைக்கும். மஞ்சள் சோள மாவைக் கொதிநீரில் தூவி, முக்கால் மணித்தியாலம் வரை கைவிடாமல் கிண்டி எடுக்கும் களி. வெனிஸ் பக்கம் உலர்த்திய மீனை ஊறவைத்து அவித்து, எண்ணெய் விட்டு அடித்துப் பசையாக்கி, இதனோடு தருவார்கள். மிக ருசியானது. ஆனால் அந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் வெனெத்தோ, லொம்பார்டி பகுதிகளின் விவசாயக் கூலிகளுக்கு மூன்று வேளையும் பொலெந்தா மட்டுமே. விளைந்த கோதுமை நிலச்சொந்தக்காரருக்குப் போய்விடும். சோளத்தை மாத்திரம் தின்றவர்களுக்குத் தோல் வெடித்தது, வயிற்றோட்டம் கண்டது, முடிவில் புத்தி பேதலித்தது. 'பெலாக்ரா' என்ற பெயரை 1771 இல் இந்நோய்க்கு வைத்தவர் மிலான் வைத்தியர் பிரான்செஸ்கோ பிரப்போல்லி. கரடுமுரடான தோல் என்பது அதன் பொருள். நியாசின் என்னும் விற்றமின் போதாமையே காரணம் என்பது 1937 இன் பின்னரே தெளிவாயிற்று. சோளத்தின் தாயகமான மெக்சிக்கோவிலோ, பெண்கள் ஆதியிலிருந்தே அதைச் சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்தார்கள். அதனால் அந்த விற்றமின் அவர்கள் உடம்பில் சேர்ந்தது. தானியம் கடல் கடந்து போனது, அந்தப் பெண்களின் கைப்பக்குவம் கூடப் போகவில்லை.

வெர்செல்லி பக்கத்து 'பனீஸா'வையும் விடவேண்டாம். அரிசியும் அவரை விதையும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த சோறு. அந்த வயல்களில் முழங்கால் நீரில் குனிந்து நின்று களை பிடுங்கிய பெண்கள் 1906 இல் எட்டு மணித்தியால வேலை நாளுக்காகப் போராடியவர்கள்.

இனி, தெற்கே பாரி நகரம். பழைய நகரத்தின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாசற்படியில் மேசை போட்டுப் பெண்கள் 'ஒரெக்கியெத்தே' செய்கிறார்கள். ரவையும் தண்ணீரும் மட்டும், முட்டை இல்லை. மாவைத் திரித்து, துண்டாக்கி, கத்தியால் இழுத்து, பெருவிரலில் கவிழ்த்தால் ஒரு குட்டிக் காது. வெயிலில் காயவைத்து விற்பார்கள். சற்றுக் கசப்பான ஒருவகைக் கீரை, உள்ளி, நெத்தலி போன்ற உப்பு மீன் சேர்த்துச் சாப்பிடுவது வழக்கம். சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் வறுத்த பாண் தூளைத் தூவினார்கள். எனக்குக் கேட்டால் அதுவே பொருத்தம்.

சுற்றுலாப் பயணிகள் பெருகியதும் இந்த வாசற்படி வியாபாரத்துக்குச் சோதனை வந்தது. 2019 இல், எங்கே செய்யப்பட்டதென்று பதிவில்லாத ஒரெக்கியெத்தேயைப் பரிமாறிய உணவகம் ஒன்றுக்குப் பொலிசார் தண்டம் விதித்தார்கள். தங்களையும் பற்றுச்சீட்டு, வரி என்று பிடிப்பார்களோ என்று அந்த மூதாட்டிகள் கலங்கினார்கள். 2024 இல் வேறொரு முறைப்பாடு: தொழிற்சாலையில் செய்ததைச் சிலர் கைவேலை என்று விற்கிறார்களாம். சுகாதாரச் சட்டம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் வீட்டுக்காகச் சமைக்கும்வரை அதை உழைப்பென்று எவரும் எழுதிவைப்பதில்லை. அவள் நாலு காசு தேடத் தொடங்கியதும் முதலில் வந்து நிற்பது தண்டச் சீட்டு என்றால், அது எங்கோ பிழைக்கிறது. அங்கே போகிறவர்கள் சற்று நின்று, கண் முன்னே கை செய்வதைப் பார்த்து வாங்குங்கள். எல்லாத் துண்டுகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரேயளவாக இருந்தால் யோசியுங்கள்.

சாப்பாட்டுக் கடைகளில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் கூடுதலாக இருக்கும். ஏமாற்று அல்ல, மேசைக்கும் பாணுக்குமான வழமையான கட்டணம். பன்றி தவிர்ப்பவர்கள் 'மயாலே' என்ற சொல்லையும், மாடு தவிர்ப்பவர்கள் 'மான்ட்ஸோ' என்ற சொல்லையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரக்கறி சூப் என்று சொல்லப்படுவதிலும் பன்றித் துண்டு கிடக்கலாம். 'சென்ட்ஸா கார்னே', இறைச்சி இல்லாமல், என்று கேட்டுவிடுவது நல்லது. சைவக்காரர் பலேர்மோவுக்குப் போனால் கவலை குறைவு. தெருவோரத்தில் கடலை மாவில் பொரித்த 'பனெல்லே'யைப் பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து, சுடச்சுடத் தருவார்கள்.