பழைய பூட்டும் அமானிதமும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ‘விண்டோஸ் எக்ஸ்பி’ இயங்குதளத்தின் மூல நிரல் 2020 செப்டம்பரில் இணையத்தில் கசிந்தது. அதற்கான பொதுவான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்துவிட்டதே, வழக்கொழிந்த மென்பொருள் கசிந்தால் என்ன என்று சிலர் வினவலாம்.

மூல நிரல் வீட்டின் வரைபடம் போன்றது. எச்சுவர் பலவீனமானது என்பதைத் தேடுவோர்க்கு அது வழிகாட்டும். எக்ஸ்பியை இன்னும் இயக்குவோர்க்குத் திருத்தம் அனுப்புவார் இல்லை. பழைய நிரலின் பகுதிகள் பிந்தைய பதிப்புகளிலும் தொடர்வதுண்டு.

ஆயினும் பழி முழுவதையும் கசியவிட்டவர்மீது சுமத்துதல் முறையாகாது. 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ நச்சுநிரல் பிரிட்டன் மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது. ஆதரவிலிருந்த பதிப்புகளுக்குரிய திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும், அதனை நிறுவாத கணினிகள் இரையாயின. நம் ரிசர்வ் வங்கியும், ஆதரவிழந்த இயங்குதளங்களில் இயங்கிய ஏ.டி.எம். இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் மேம்படுத்துமாறு 2018 ஜூனில் வங்கிகளைப் பணிக்க நேர்ந்தது.

மக்களின் சேமிப்பும் நோய்க்குறிப்பும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். செலவுக்கு அஞ்சிப் பழைய பூட்டையே தொங்கவிடுவோர், அவ்வமானிதத்திற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஆவர்.