அனுமதி இல்லை என்றால், ஏன் இல்லை?

இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடியில் காலி வீதி நெடுக, தெஹிவளைச் சந்தியையும் தாண்டிக் கிடந்த பெற்றோல் வரிசையைக் கரைத்தது கியூ.ஆர். முறை. ஜூலை 16இல் பதிவு தொடங்கியது. ஓகஸ்ட் 1 முதல் நாடெங்கும் அதுவே கட்டாயமானது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நெருக்கடியில் அவசரமாகக் கட்டிய வேலைக்கு அது பெரிய வெற்றிதான்.

ஆனால் பதிவாகாதவர் என்ன செய்தார்?

வாகன இலக்கமும் செஸி இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்பது விதி. உரிமைப் பெயரை மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' வண்டி வாங்கி ஓடுகிறவர்கள் இங்கே ஏராளம். பழைய உரிமையாளர் முந்திப் பதிந்திருந்தால் ஒரு சிக்கல்; செஸி இலக்கத்தில் பூச்சியத்தை ஓ என்று தட்டியிருந்தால் இன்னொன்று; ஒருமுறைக் கடவெண் (ஓ.டி.பி.) போகும் சிம் கைமாறியிருந்தால் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. திரை வெறுமனே 'முடியாது' என்றால் மூவரும் ஒரே இருட்டில்தான் நிற்பார்கள்.

இணையத்தின் அடிப்படை விதியிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. தளம் திருப்பியனுப்பும் பதில் எண் 401 என்றால் நீங்கள் யாரென்று இன்னும் நிரூபிக்கவில்லை. 403 என்றால் கோரிக்கை புரிகிறது, அனுமதிதான் இல்லை. முதலாவதற்கு மறுபடி உள்நுழையலாம். இரண்டாவதற்கு எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை. உரிமைப் பட்டியலைத் திருத்தக்கூடிய அதிகாரிதான் வேண்டும். பொதுச்சேவைத் தளங்கள் இரண்டையும் 'பிழை ஏற்பட்டுள்ளது' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவது சோம்பல்.

காரணம் சொன்னால் திருடனுக்கு உதவும் என்பார்கள். உள்நுழையும் வாசலில் அது நியாயம்: பெயர் பிழையா, கடவுச்சொல் பிழையா என்று சொல்லாமலிருப்பதே நல்லது. ஓ.டி.பி. கொடுத்து உள்ளே வந்தவரிடம் அவருடைய விண்ணப்பம் ஏன் நிற்கிறது என்பதை மறைக்க அந்தச் சாக்கு செல்லாது.

தமிழில் சொன்னால் செலவு கூடுமாம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்துப் பிடிக்கும், தமிழுக்கு 70 இடந்தான் என்பது உண்மை. அதற்காக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள முதியவர்கள் பேரப்பிள்ளையைத் தேட வேண்டுமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிழையான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையையும், கணினியே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறது. இந்திய உதவியோடு உருவாகும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் நடைமுறைக்கு வருமுன், ஒவ்வொரு மறுப்புக்கும் மூன்று மொழியிலும் காரணம் தெரியட்டும். பிழையைத் திருத்தும் அதிகாரமுள்ள ஓர் உத்தியோகத்தரைத் தெஹிவளை உட்பட எல்லாப் பிரதேச செயலகங்களிலும் அரசு அமர்த்த வேண்டும்.