குதிரை மேல் உட்கார்ந்தால் பிள்ளை நடக்குமா? கோத்தா திங்கிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெருமூளை வாதம் உள்ள பிள்ளை ஒன்று குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இந்த மாதிரி வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். கூடவே யாராவது ஒரு அத்தை, "நம்ம பிள்ளைக்கும் இத செஞ்சு பார்க்கலாமே"ன்னு எழுதியிருப்பார்.

செய்து பார்க்கலாம்தான். ஆனால் கோத்தா திங்கியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஜொகூர் பாரு போய் வருவதே ஒரு வழிக்கு சுமார் 40 கிலோமீட்டர். வழக்கமான சிகிச்சைக்கே அப்பாவோ அம்மாவோ அரை நாள் லீவு போட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தையும் பணத்தையும் குதிரைப் பக்கம் திருப்புவதற்கு முன், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்திருப்பது நல்லது.

குதிரைக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?

விஷயம் குதிரையின் நடையில் இருக்கிறது. குதிரை மெதுவாக நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு எலும்பும் அதே மாதிரி அசையும். நாம் தரையில் நடக்கும்போது நம் இடுப்பு எப்படி அசைகிறதோ, கிட்டத்தட்ட அப்படியே. சொந்தக் காலில் ஒருமுறைகூட நடக்காத பிள்ளைக்கு, நடப்பது உடம்பில் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட இதைவிட நேரான வழி குறைவு.

குதிரை நிமிடத்துக்கு சுமார் 100 அடி எடுத்து வைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் 2,000 தடவை பிள்ளையின் உடம்பு சாய்கிறது, உடனே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வயிறு, முதுகுத் தசைகள் சும்மா இருக்க முடியாது. "நேரா உட்காரு கண்ணு"ன்னு யாரும் கத்த வேண்டியதில்லை. விழாமல் இருக்க உடம்பே அதைச் செய்கிறது. குதிரையின் உடல் சூடும் தாள அசைவும் இறுகிய தொடைத் தசைகளைத் தளர்த்த உதவுகிறது.

ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் இதையே வேறு விதமாகப் பயன்படுத்துவார். குதிரை மேல் இருந்தபடி கையை நீட்டி வளையத்தை எடுத்து மாட்டச் சொல்வார். கீழே இறங்கினால் பிரஷ் பிடித்து குதிரையின் உரோமத்தைத் தேய்க்க, கொக்கியைப் போட்டுக் கழற்ற வைப்பார். சட்டைப் பொத்தான் போட மறுக்கும் பிள்ளை குதிரைக்கு வார் மாட்ட ஆசையாக வரும். இந்த ஆர்வத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது.

இரண்டு பெயர், இரண்டு வேலை

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஹிப்போதெரப்பி என்பது பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், பேச்சு சிகிச்சையாளர் போன்ற ஒருவர் நடத்தும் சிகிச்சை. குதிரை அவருடைய கருவி மாதிரி. பிள்ளை சவாரி கற்றுக்கொள்வதில்லை. பின்பக்கம் பார்த்துக்கூட உட்கார வைப்பார்கள். சிகிச்சை நோக்கிலான குதிரைச் சவாரி என்பது வேறு. அதை நடத்துவது பயிற்சி பெற்ற சவாரி ஆசிரியர். அங்கே பிள்ளை உண்மையிலேயே ஓட்டக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது வகைக்கு நமக்குப் பக்கத்திலேயே பழைய உதாரணம் உண்டு. சிங்கப்பூரின் உடற்குறையுள்ளோருக்கான குதிரைச் சவாரிச் சங்கம் 1982இல் தொடங்கப்பட்டது. தொண்டூழியர்களையும் நன்கொடையையும் வைத்து, கட்டணம் வாங்காமல் நடத்துகிறார்கள்.

சிங்கப்பூரில் பிறந்த லாரன்ஷியா டானையும் சொல்லியாக வேண்டும். பெருமூளை வாதமும் செவித்திறன் இழப்பும் உள்ள அவர், பிசியோதெரப்பிக்காகத்தான் 5 வயதில் குதிரை ஏறினார். 2008 பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார். பாராலிம்பிக்கில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் அவை. அவருக்கு முன்னோடி டென்மார்க்கின் லிஸ் ஹார்டல். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். இந்தத் துறை உலகம் முழுக்கப் பரவ அவர் கதை பெரிய காரணம். ஆனால் ஹார்டல் போலியோவுக்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. பதக்கக் கதையைப் பார்த்து சிகிச்சை முடிவு எடுப்பது சரியாக வராது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பெருமூளை வாதத்தில் உட்காரும் சமநிலை, பெரிய தசை இயக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிவதாகப் பல ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் அவை சிறிய ஆய்வுகள். மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். போலிக் குதிரைக்கு எங்கே போவது?

ஆட்டிசத்தில் ஒரு குழு அதையும் முயன்றது. 2015இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 6 முதல் 16 வயது வரையிலான 127 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதி 10 வாரம் நிஜக் குதிரை ஓட்டியது. மறு பாதி அதே லாயத்தில் பெரிய பொம்மைக் குதிரையை வைத்துப் பாடம் படித்தது. நிஜக் குதிரைப் பிள்ளைகளிடம் எரிச்சலும் அதீதத் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன, பேசிய சொற்கள் கூடின. நல்ல முடிவுதான். ஆனால் ஆட்டிசம் "குணமாகும்" என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லிப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

வழக்கமான பிசியோதெரப்பியை நிறுத்திவிட்டு இதற்குப் போவதும் தப்பு. இது கூடுதலாகச் சேர்ப்பது, அதற்குப் பதில் இல்லை.

யாரிடம் என்ன கேட்பது?

முதல் கேள்வி குதிரைக்காரரிடம் இல்லை, உங்கள் டாக்டரிடம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். குதிரையின் குலுக்கல் அவர்களுக்குத் தண்டுவட ஆபத்து. அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள், இடுப்பு மூட்டு விலகியவர்கள், எலும்பு பலவீனமானவர்கள், முதுகெலும்பு கடுமையாக வளைந்தவர்கள் ஆகியோரும் அனுமதி இல்லாமல் ஏறவே கூடாது.

அடுத்து, நடத்துகிறவர் யார்? மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டும் அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும். "நாங்க தெரப்பி செய்றோம்" என்று ஓர் இடம் சொன்னால் தெரப்பிஸ்டின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் சவாரி வகுப்பு என்றால் அதுவும் பரவாயில்லை, பிள்ளை சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதைச் சிகிச்சை விலைக்கு வாங்க வேண்டாம்.

பிறகு ஆட்களை எண்ணுங்கள். கயிறு பிடித்துக் குதிரையை நடத்த ஒருவர், பிள்ளைக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர், தெரப்பிஸ்ட். ஒரு பிள்ளைக்கு நாலு பேர்! செலவு ஏறுவதும், தொண்டூழியர் இல்லாமல் இது நிலைக்காமல் போவதும் இதனால்தான். நம் ஊர் வெயிலில் மதிய வகுப்பு என்றால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளைக்கும் ஆகாது, குதிரைக்கும் ஆகாது.

எந்தக் குதிரையும் செய்யுமா?

2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி, 180 ஆண்டுக்கும் மேலான சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் முடிந்தது. ஓட்டம் நின்ற குதிரைகளை இதற்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். சில குதிரைகள் மறுபயிற்சிக்குப் பின் அருமையாகச் செய்கின்றன. ஆனால் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடப் பழகிய குதிரையை, திடீரெனக் கத்தும் பிள்ளையின் கீழ் அசையாமல் நிற்கப் பழக்குவது நீண்ட வேலை. எல்லாக் குதிரைக்கும் அந்தக் குணம் வராது.

பெரியவர்கள் விஷயத்தில் எடையும் இருக்கிறது. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் சுமார் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதைப் பல மையங்கள் வரம்பாக வைத்துள்ளன. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. பக்கவாதம் வந்த தாத்தாவுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால், போன் செய்யும்போதே அவர் எடையைச் சொல்லிவிடுங்கள்.