எந்த விஜயன்?

ஃபுட்பால் விஜயனைத் தெரியுமா என்று கேட்டால், 'ஓ, தெரியுமே! "திமிரு" படத்துல விஷாலோட மோதுவாரே' என்பீர்கள். அவர் திருச்சூர் ஐ.எம்.விஜயன். ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன், 2025-ல் பத்மஸ்ரீ. சந்தோஷம். நான் கேட்பது இன்னொரு விஜயனை. ராமன் விஜயன். நம்ம தமிழ்நாட்டு ஆள்.

தேசிய கால்பந்து லீக் 1996 டிசம்பரில் தொடங்கியது. முதல் சீசனில் அதிக கோல் அடித்தவர் பாய்ச்சுங் பூட்டியா. 14 கோல். அடுத்த 1997-98 சீசனில் அதிக கோல் ராமன் விஜயன்தான். எஃப்.சி. கொச்சிக்காக 10. அதே டீமில் ஐ.எம்.விஜயனும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த வருஷம் லீக்கின் நம்பர் ஒன் ஸ்ட்ரைக்கர் ஒரு தமிழர். ஈஸ்ட் பெங்கால், மஹிந்திரா யுனைடெட் என்று அவர் பேர் வாங்கியதெல்லாம் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் மும்பையிலும். இங்கே? படத்தில் அடி வாங்கியிருந்தால் ஒருவேளை நமக்குத் தெரிந்திருக்கும்.

'தமிழனுக்கு கிரிக்கெட்தான் சார்' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். சும்மா சொல்லாதீர்கள். கொடைக்கானலுக்குப் போனால் தூண் பாறையையும் சாக்லெட் கடையையும் மட்டும் பார்த்துவிட்டு இறங்காமல், நாயுடுபுரம், ஆனந்தகிரி பக்கம் சாயங்காலம் நடந்து பாருங்கள். சரிவான சந்துகளில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி. அந்தக் காற்றில் ஓடிப் பழகியவனுக்குக் கீழே மைதானத்தில் அவ்வளவு சுலபமாக மூச்சு வாங்காது. அதற்காகவே இமாசலப் பிரதேசத்து ஷிலாரூவில், 8,000 அடி உயரத்தில் மத்திய அரசு பயிற்சி மையம் நடத்துகிறது.

பூட்டியாவும் மலைக்காரர்தான். சிக்கிமில் டிங்கிடாம் என்ற குட்டி கிராமம். ஒன்பது வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஸ்காலர்ஷிப் கிடைத்து, காங்டாக்கில் படிக்கப் போனார். 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் ஆடினார். நடுவில் திறமை, உழைப்பு எல்லாம் உண்டு. ஆனால், முதலில் ஒருத்தர் கையில் காசோடு அந்த மலைக்குப் போயிருக்கிறார்! நம்ம மலையில் காசு வாங்கத்தான் ஆள் நிற்கிறார்.

நான் பி.காம். படித்தவன், வரவு தெரிந்தால் செலவையும் கேட்பேன். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நகராட்சி டோல்கேட்டில் வண்டிக்கு வண்டி வசூலாகிறதே, அதில் பந்துக்கும் கோச்சுக்கும் வருஷத்துக்கு எத்தனை ரூபாய்? அங்கேயே ஒரு போர்டு எழுதி வைக்கட்டும். ரசீது கிழித்துக் கொடுக்கிற நேரத்தில் படித்துக்கொள்கிறோம்.